அம்மாவின் டெபாசிட்டும் என் வீட்டுக் கடனும்

போன வாரம் அம்மாவின் டெபாசிட் முதிர்ந்தது. புதுப்பிக்கப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் புது வட்டியைச் சொன்னதும், அம்மா பையிலிருந்து பழைய ரசீதை எடுத்து நீட்டினார். "இதுல ஏழரைன்னு போட்டிருக்கேம்மா?"

"ரெப்போ குறைஞ்சிடுச்சு பாட்டி."

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ; அது இறங்கினால் கடன் வட்டியும் டெபாசிட் வட்டியும் இறங்கும். அம்மாவுக்கு ரெப்போ யாரென்று தெரியாது. ஆனால் மாத்திரைக் காசில் எவ்வளவு துண்டு விழும் என்று அங்கேயே விரல் விட்டு எண்ணிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 5.5க்கு இறங்கியபோது, என் வீட்டுக் கடன் லேசானதென்று சந்தோஷப்பட்டவன் நான்.

என் சங்கடம் இருக்கட்டும். வட்டியைக் கூட்டச் சொல்லி ரிசர்வ் வங்கியை நெருக்கிய அமைச்சர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. 2012 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் பத்து சதவீதத்தை ஒட்டி நின்றது. அதை அடக்க, ரிசர்வ் வங்கி ஆளுநர் சுப்பாராவ் ரெப்போவை 8 சதவீதத்திலேயே வைத்தார். வளர்ச்சிக்காகத் தனியாக நடக்க வேண்டுமென்றால் அரசு தனியாகவே நடக்கும் என்றார் நிதியமைச்சர் ப. சிதம்பரம். அடுத்த ஆண்டு பதவி முடியும் தறுவாயில் சுப்பாராவ் அழகாகத் திருப்பிக் கொடுத்தார்: ரிசர்வ் வங்கி மேல் எரிச்சல் வந்து நடக்கப் போனாலும், நல்லவேளை, அது இருக்கிறதே என்று ஒருநாள் சிதம்பரம் சொல்வார் என்று நம்புகிறாராம். ஆட்சி மாறியும் பேச்சு மாறவில்லை. 2024 நவம்பரில் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் கேட்டதும் வட்டிக் குறைப்பைத்தான்.

கடன் வாங்கும் தொழிலதிபர் அமைச்சரைப் பார்க்க முடியும். டெபாசிட் போட்ட பாட்டி கவுண்டரோடு சரி.

இந்த நெருக்கடி முற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கி இருக்கிறது. வட்டி கூடினால்தான் விலைவாசி ஏறும் என்பது அதிபர் எர்டோகனின் தலைகீழ் சித்தாந்தம். 2021 மார்ச்சில் வட்டியை 19 சதவீதமாக்கிய மத்திய வங்கி ஆளுநருக்கு இரண்டே நாளில் சீட்டு கிழிந்தது. அடுத்து வந்தவர் ஆண்டு முடிவதற்குள் 14க்கு இறக்கினார். லிரா சரிந்தது, 2022 அக்டோபரில் பணவீக்கம், அரசுக் கணக்கிலேயே, 85 சதவீதம். 2023இல் தேர்தலில் ஜெயித்த பிறகு அதே எர்டோகன் பேசாமல் இருக்க, 2024 மார்ச்சில் வட்டி 50 சதவீதம்!

அதற்காக நம் ரிசர்வ் வங்கியைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்தைத் தாண்டினால், காரணம் சொல்லி அரசுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது சட்டம். 2022இல் எழுதினார்கள். நமக்குக் காட்டவில்லை. விலைவாசியில் அடிபட்டது நாம், விளக்கம் மட்டும் டெல்லிக்கு. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வங்கியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அம்மா கேட்டார், "மறுபடி எப்ப ஏத்துவாங்க?"

"விலைவாசி ஏறினா ஏத்துவாங்கம்மா."

"அப்ப ஏத்தி எனக்கு என்னடா மிஞ்சும்?"