சிவப்புக் காயைப் போட்ட பிறகு

விளையாட்டை மதிப்பிட அதன் விதிகளை ஆராய்ந்தாலே போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விளையாட்டு வடிவமைப்பாளர்களான ஹனிக்கி, லெப்ளாங்க், ஜுபெக் ஆகிய மூவர் 2004-இல் முன்வைத்த எம்.டி.ஏ. (மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஈஸ்தெடிக்ஸ்) முறை, விதிகளையும், ஆட்டத்தின்போது அவற்றால் உருவாகும் போக்கையும், ஆடுபவர் அடையும் உணர்வையும் தனித்தனி அடுக்குகளாகப் பார்க்கிறது. மும்பை தாராவியில் எங்கள் சந்து முனையில் நடக்கும் கேரம் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். சிவப்புக் காயைப் போட்டவர் அடுத்த அடியில் தம் காய் ஒன்றையும் குழியில் போட்டாக வேண்டும் என்பது விதி; இதைத்தான் ஃபாலோ என்பார்கள். அதற்காகவே குழியோரம் கிடக்கும் சுலபமான காயை, சிவப்பைப் போடும்வரை அவர் தொடாமல் விட்டுவைப்பதும், எதிராளி அதைத் தட்டிவிடப் பார்ப்பதும் எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அவர் ஸ்ட்ரைக்கரில் விரல் வைத்துத் தயங்கும் நொடியில் சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். அந்தப் பதற்றத்துக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.