பங்களிக்க வாங்க, உள்ளே மட்டும் வந்துடாதீங்க

ஒரு கேமுக்கு நான் எழுதி அனுப்பிய திருத்தத்தை, அதைப் "புல் ரிக்வெஸ்ட்" என்பார்கள், மூடிவிட்டார்கள். மனுஷன் வந்து மூடியிருந்தால்கூட ஒரு திருப்தி இருந்திருக்கும். மூடியது பாட், தானாக ஓடுகிற புரோகிராம். "சமீபத்தில் எந்தச் செயல்பாடும் இல்லாததால் இந்தப் புல் ரிக்வெஸ்ட் மூடப்படுகிறது. உங்கள் பங்களிப்புக்கு நன்றி." கடைசியில் ஒரு இதய எமோஜி வேறு.

செயல்பாடு யாரிடம் இல்லை ஐயா? அதில் கடைசிக் கமென்ட் என்னுடையது. அதற்கு முந்தையதும் என்னுடையது. அதற்கும் முன்னால் இருந்தது, "மேலே சொன்னது பற்றி யாராவது பார்த்தீர்களா?" என்று நான் கேட்டது. பதில் சொல்லவேண்டியவர்கள் தூங்கினால் கேட்டவனுக்கு அசைவில்லை என்று பட்டம் கட்டுவது என்ன நியாயம்?

எந்த கேம் என்று சொல்ல மாட்டேன். யாரும் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிற ஓப்பன் சோர்ஸ் கேம், அதாவது கோடை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். முகப்பில் "இது சமூகத்தால், சமூகத்துக்காக" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதற்குக் கீழே "உதவி தேவை". அதற்கும் கீழே மொழிப் பட்டியல், அதில் தமிழ். தமிழைப் பார்த்தால் நமக்குத்தான் கை சும்மா இருக்காதே.

தமிழைத் தேர்ந்தெடுத்தேன். "சேமி" என்ற பட்டனில் இரட்டைக்கொம்பு ச-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் மி-யோடு ஒட்டிக்கொண்டு நின்றது. "வெளியேறு" இன்னும் மோசம், அதை வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிவிடும். பழைய பிடிஎஃப் கோப்பில் இருந்து தமிழை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோலம் பழக்கம்தான். விஷயம் பெரிதில்லை. யூனிகோடில் முதலில் ச, அடுத்துக் கொம்பு என்றுதான் பதிவாகும். திரையில் வரையும்போது கொம்பை முன்னால் தள்ளவேண்டும். இந்த கேம் பதிவான வரிசையிலேயே வரைகிறது. ஹார்ஃப்பஸ் என்ற இலவச நூலகத்தின் வேலையே இந்த வரிசையைச் சரிசெய்வதுதான். ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் நம்பி இருக்கின்றன. கேம் செய்ய உதவும் கோடோ எஞ்சினில்கூட 2023 மார்ச்சில் வந்த 4.0-இல் சேர்த்துவிட்டார்கள். அதை இங்கேயும் இணைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "முன்னால்", "பின்னால்" என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன்.

முதல் பதில்: கோடு வரிகளின் தொடக்கத்தில் ஸ்பேஸ் வேண்டாம், டேப் போடவும். போட்டேன்.

அடுத்தது: கமிட், அதாவது மாற்றத்தைப் பதிவுசெய்கிற பொட்டலம், அதன் செய்தியில் முதல் வரி நீளமாக இருக்கிறது. குறைத்தேன். அப்புறம், ஒரே கமிட்டாக இருக்கிறதே, இரண்டாகப் பிரிக்கவும். பிரித்தேன். பிரித்த பிறகு இன்னொருவர் வந்தார்: ஏன் இரண்டாக இருக்கிறது, ஒன்றாக்கலாமே. முந்தினவரிடம் கேளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை, ஒன்றாக்கினேன். கோடு சரியா தவறா என்று இதுவரை ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பிறகு ஒரு மகான் கேட்டார்: "தமிழில் விளையாடுபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?" மெனுவையே படிக்க முடியாத கேமைத் தமிழில் யார் விளையாடுவார்கள்? கதவைச் சாத்திவிட்டு யாரும் வரவில்லை என்று கணக்கெடுக்கிற ஆளிடம் என்ன பேசுவது? அதற்கும் பணிவாகப் பதில் எழுதினேன். தமிழ் மட்டுமில்லை, இந்தி, வங்காளம் எல்லாமே சரியாகும் என்று.

"இது பெரிய மாற்றம், முதலில் டிஸ்கார்டில் பேசிவிடுவோம்" என்றார்கள். சரி என்று அந்த அரட்டைச் செயலிக்குப் போனேன். புதியவர்கள் அறையில் விஷயத்தைப் போட்டேன். ஒருத்தர் கட்டைவிரல் தூக்கினார். இன்னொருத்தர் பூனை ஸ்டிக்கர் போட்டார். அதன்பின் உரையாடல் எந்த பீட்சா நல்லது என்று திரும்பிவிட்டது. முடிவெடுப்பவர்கள் பேசுகிற அறை தனியாக இருக்கிறதாம், அதற்குப் பூட்டு. அதைத் திறக்க ஏற்கெனவே பங்களித்திருக்க வேண்டும். பங்களிக்க வேண்டுமானால் அந்த அறையில் பேசியிருக்க வேண்டும். பத்திரிகையில் "சுற்றமும் நட்பும் சூழ" என்று அச்சடித்துவிட்டு மண்டபத்தை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்கிற கல்யாணம் இது. டிஸ்கார்டில் பேசியதைப் பிறகு தேடுபொறியில் தேடியும் எடுக்க முடியாது. அடுத்த தமிழன் வந்து முதலில் இருந்து இதே படி ஏறவேண்டியதுதான்.

இதற்கிடையில் அவர்கள் நான் கை வைத்த கோப்பையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என்னுடையது முட்டிக்கொண்டது. ரீபேஸ் செய்தேன், அதாவது அவர்களுடைய புதுக் கோடின் மேல் என் மாற்றத்தை மறுபடி பொருத்தினேன். மறுபடியும் மாற்றினார்கள், மறுபடியும் செய்தேன். நடுவில் ஸ்டேல் பாட், அசையாமல் கிடப்பதைத் தேடிப் பிடிக்கிற அதே பாட், எட்டிப் பார்த்துப் "பழசு" என்று லேபிள் ஒட்டியது. கோடு வைக்கிற கிட்ஹப் தளத்தில் அதை அப்படியே நிறுவினால் 60 நாள் அசையாவிட்டால் லேபிள், அதற்குமேல் 7 நாளில் மூடல். "இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று எழுதினால் லேபிள் போகும், கணக்கு மறுபடி தொடங்கும். இப்படி உயிர்ச்சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஊருக்குப் போன நேரத்தில் ஒருமுறை கொடுக்கத் தவறியது. அவ்வளவுதான், நன்றி, இதயம், மூடல்.

"அவங்க இலவசமா செய்றாங்க, கோபப்படலாமா" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் என்ன மணிக்கு இவ்வளவு என்று பில் போட்டா அனுப்பினேன்?

கூட்டம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மரியாதையாகப் போய்விடுவோம். 1997 டிசம்பரில் டூம் கேமின் சோர்ஸ் கோடை வெளியிட்டபோது அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் யாரையும் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. எடுத்துக்கொள், நோண்டிக்கொள், அவ்வளவுதான். நெட்ஹேக் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப வருஷம் உள்ளே என்ன நடந்தது என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. 2003-இல் 3.4.3 வந்தது, அடுத்தது 3.6.0, வந்த வருஷம் 2015. பொறுமையில்லாதவர்கள் ஃபோர்க் செய்துகொண்டு, அதாவது கோடைப் பிரதி எடுத்துத் தனியாக வளர்த்துக்கொண்டு, தங்கள் பாட்டைப் பார்த்தார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, ஏனென்றால் அவர்கள் வாசலில் பலகை மாட்டிக் கூப்பிடவில்லை. ஃப்ரீசிவ் என்ற கேம் நேர்மாறு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் மூன்று பேர் 1996-இல் வெளியிட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். மற்றவர்கள் எடுத்து ஓட்டினார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. ஓப்பன்டிடிடி என்பது பழைய போக்குவரத்து கேம் ஒன்றை ஆர்வலர்கள் மறுபடி எழுதியது. 2010-இல் 1.0 வந்தபோது அந்தப் பழைய கேமின் படங்களே தேவையில்லாமல் போனது, ஆர்வலர்கள் புதிதாக வரைந்து கொடுத்த படங்கள் தயாராக இருந்தன. அத்தனை ரயிலையும் மாட்டையும் வரைந்தவர்களிடம் யாரும் டேப் போடு, ஸ்பேஸ் போடு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள்.

நீயும் ஃபோர்க் செய்துகொள்ளேன் என்பீர்கள். ஒரு கொம்பை நகர்த்த ஒரு கேமையே தத்தெடுக்கவா?

இருங்கள், இதுவரை சொன்னது பாதிதான். பாட் மூடிய அதே வாரம் புதிதாக ஒரு இஷ்யூ, அதாவது குறைப் பதிவு, திறந்திருக்கிறார்கள். தலைப்பு: "தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன." லேபிள்: "உதவி தேவை", "புதியவர்களுக்கு ஏற்றது." திறந்தவர் யார் தெரியுமா? இரண்டாகப் பிரிக்கச் சொன்னவர். அதில் ஒட்டியிருக்கிற படம் நான் எடுத்தது. "முன்னால்" என்ற என் தலைப்பைக்கூட வெட்டவில்லை. "பின்னால்" படத்தை மட்டும் காணோம்.

என் பழைய இணைப்பை அதன் கீழே போட்டேன். நொடியில் பதில் வந்தது, பாட்டிடம் இருந்து: "முதல்முறை வந்திருக்கிறீர்கள், வரவேற்கிறோம்! பங்களிப்பு விதிகளைப் படித்துவிட்டீர்களா?" அதைப் பார்த்ததும் கோபம் போய் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், வீட்டில் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள்.

படிக்கிறேன், விதிகளை மறுபடியும் படிக்கிறேன். அதற்கு முன்னால் மேல்வீட்டுக்காரர்கள் ஒன்று சொல்லட்டும். ராத்திரி பதினொன்றரைக்கு மிக்ஸியில் என்ன அரைக்கிறீர்கள்? இந்த நேரத்துக்கு யாருக்குங்க சட்னி?