சேசிஸ் எண் 136-ல் தொடங்கினால் 1969 செவல் எஸ்எஸ் போலி என்பது தவறு

"சேசிஸ் எண் 138-ல் தொடங்காத 1969 செவல் எஸ்எஸ் 396 எல்லாமே போலி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். (எஸ்எஸ் 396 என்பது செவர்லேயின் செவல் காரில் பெரிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜினோடு வந்த வேகமான வகை.) இதை நம்பி நல்ல வண்டியை யாராவது கைவிட்டுவிடக் கூடாது.

138 என்பது 1966 முதல் 1968 வரைக்கும்தான் சரி. அந்த மூன்று ஆண்டுகளில் எஸ்எஸ் 396 தனி மாடல். 1969-ல் செவர்லே அதை இஸட்25 என்ற ஆப்ஷனாக, அதாவது செவலின் மாலிபு, 300 டீலக்ஸ் வகைகளில் கூடுதலாகக் கேட்டு வாங்கும் தொகுப்பாக மாற்றிவிட்டது. அதனால் அசல் எஸ்எஸ் மாலிபுவாக இருந்தால் 136 என்றும், 300 டீலக்ஸாக இருந்தால் 134 என்றும்தான் தொடங்கும். அந்த எண்கள் வி8 என்பதைச் சொல்லும், எஸ்எஸ்ஸா என்பதைச் சொல்லாது.

பின் எப்படி உறுதி செய்வது? ஆலையில் வண்டியோடு போன பில்ட் ஷீட் (அந்த வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற பட்டியல்) கிடைத்தால் அதுதான் நல்ல சான்று. பல வண்டிகளில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் செருகியபடியே இருக்கும். ரெஸ்டோரேஷனுக்கு டேங்கை இறக்கும்போது தயவுசெய்து பொறுமையாக இறக்குங்கள், துருவோடு சேர்த்துக் கிழித்துவிடாதீர்கள். அடுத்தது, இன்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண் சேசிஸ் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்ஸில் வந்த 12 போல்ட் பின் ஆக்ஸில் (வலுவான பின் அச்சு) துணைச் சான்றுதான், அதை யாரும் மாற்றிப் பொருத்தலாம். எஸ்எஸ் பேட்ஜை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.