மாத்திரையா பலூனா என்பதைவிட, எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்?

உடல் பருமனுள்ள முதல் பிரசவத் தாய்மாருக்கு வலியைத் தூண்ட மிசோபிரோஸ்டால் மாத்திரை நல்லதா, கருப்பை வாய்க்குள் வைத்து ஊதி அதை விரியச் செய்யும் ஃபோலி பலூன் நல்லதா என்று ஒரு கட்டுரை கேட்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? 491 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், இரண்டையும் சேர்த்துக் கையாண்டபோது பிரசவம் சுமார் 13 மணி நேரத்தில் முடிந்தது. தனித்தனியாகக் கையாண்டபோது 17 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பருமனானவர்களை மட்டும் சேர்த்த ஆய்வு அல்ல அது. நாக்பூரில் ரத்த அழுத்தமுள்ள கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவமானவர்கள் வாய்வழி மாத்திரையில் 57 சதவீதம், பலூனில் 47.

ஆனால் அந்தக் கட்டுரை தொடாமல் விட்டதுதான் என்னை உறுத்துகிறது. எடை கூடிய பெண்களுக்குக் கருப்பை வாய் 6 சென்டிமீட்டர் விரியும்வரை பிரசவம் மிக மெதுவாகவே நகரும். அது அவர்களின் உடலியல்பு. அதையே ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதி, சிசேரியனுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். தாயும் சேயும் நலமாக இருந்தால், பனிக்குடம் உடைந்தபின், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் மருந்தைக் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் தந்து பார்த்த பிறகே தூண்டுதல் தோற்றது என்று சொல்ல வேண்டும் என 2014-இலேயே அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் வழிகாட்டியிருக்கின்றன. காயத்தில் கிருமித்தொற்று, காலில் ரத்தக்கட்டு என்று சிசேரியனின் தொல்லைகள் இந்தப் பெண்களுக்குத்தான் அதிகம். இவர்களிடமா அவசரம் காட்டுவது?