பேச எங்க மாமா நேரம்?

அக்கா மகன் ஜனவரியில் மலேசிய ஓப்பன் பூப்பந்து (பேட்மிண்டன்) பார்க்க பட்டர்வொர்த்திலிருந்து பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போனான். புக்கிட் ஜாலில் அரங்கில் மூன்று நாள். ஊர் திரும்பியதும் நேராக என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினான். ஆட்டக்காரர்களோடு எடுத்த படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் இவன் முகம்தான் முக்கால்வாசி. ஆட்டக்காரர் இவன் தோளுக்குப் பின்னால் எங்கேயோ நடந்து போகிறார். ஒரு பெண்ணுக்குக் கண் மூடியிருக்கிறது. இன்னொருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"இவங்ககிட்ட என்னடா பேசின?"

"பேச எங்க மாமா நேரம்? பின்னாடி ஆளுங்க தள்ளுறாங்க."

ரெண்டு நாளாக இந்தப் பதில் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அவனாவது வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தவன். பதிவு கொஞ்சம் நீளம்தான், ஒரு தே தாரிக் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

என் ஆள் நிக்கோல் டேவிட். சுவர்ப்பந்து, அதாவது ஸ்குவாஷ். 1983-ல் இதே பினாங்கில் பிறந்தவர். 2006 ஆகஸ்ட்டில் உலகத் தரவரிசையில் முதல் இடத்துக்குப் போனவர், 2015 வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மாதம் மாதமாகத் தொடர்ந்து ஒன்பது வருஷம். உலகப் பட்டம் மட்டும் எட்டு. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். தொழிற்சாலையில் மெஷின் மாறியது, மேனேஜர் மாறினார், கம்பெனிப் பெயர்கூட ஒருமுறை மாறியது. பேப்பரில் நிக்கோல் முதல் இடம் என்று போடுவது மட்டும் மாறவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீனர். அதனால் அவர் ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் எங்கள் ஊர் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) மேஜையில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். நம்ம புள்ள என்று நாங்கள் சொல்ல, எங்க பொண்ணு என்று ஆ சோங் சொல்ல, பினாங்குப் பொண்ணு என்று கடைக்காரர் தீர்ப்பு சொல்வார். தோற்கிற அன்றைக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாட வரமாட்டார்கள்.

அப்படி ஒரு நாள்தான் 2014 மார்ச்சில் வந்தது. 2013-க்கான பெண்கள் உலகப் போட்டி தள்ளிப்போய் அந்த மார்ச்சில் பினாங்கில் நடந்தது. ஏழு உலகப் பட்டம் கையில், எட்டாவதைச் சொந்த ஊரில் வாங்கப்போகிறார் என்று ஊரே நம்பியது. நானும் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு, அஞ்சு வயசு மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுவர்ப்பந்தை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காற்பந்து மாதிரி எறும்பு அளவில் ஆட்களைப் பார்க்கிற விளையாட்டு இல்லை இது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரெண்டு பேர். முன்வரிசையில் இடம் கிடைத்தால் மூச்சு வாங்குகிற சத்தம், ஷூ கிறீச்சிடுகிற சத்தம் எல்லாம் கேட்கும். ஆட்டக்காரர்கள் வியர்த்த உள்ளங்கையைச் சுவரில்தான் துடைப்பார்கள். ஆட ஆட, கண்ணாடியில் ஒரே இடத்தில் கைத்தடம் மேல் கைத்தடமாக மங்கிக்கொண்டே போகும். ஒரு கேம் முடிந்ததும் பின்பக்கச் சின்னக் கதவைத் திறந்துகொண்டு ஆட்டக்காரர் நம் பக்கமாகத்தான் வெளியே வருவார். துண்டு, தண்ணீர், பயிற்சியாளர் காதில் நாலு வார்த்தை, திரும்பவும் உள்ளே. இவ்வளவு கிட்டத்தில் ஓர் உலக வீரரைப் பார்க்கிற வாய்ப்பு வேறு எந்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அரையிறுதியில் எகிப்தின் நூர் எல் ஷெர்பினியிடம் நிக்கோல் தோற்றார். எதிராளிக்கு அப்போது வயசு பதினெட்டு. அரங்கம் செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த அமைதியில் நான், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம் லா."

அவர் காதில் விழுந்திருக்காது. விழுகிற தூரம் இல்லை. ஆனால் மடியில் இருந்தவள் காதில் விழுந்துவிட்டது. "அவங்க முயற்சி பண்ணலையாப்பா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரமாக அந்தக் கண்ணாடியில் கைத்தடத்தை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வரவில்லை. கையெழுத்து வாங்கலாம் என்று புதுப் பந்து ஒன்றும் வெள்ளி நிற மார்க்கர் ஒன்றும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வெளியே வாசலில் கூட்டம் காத்திருந்தது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு நடந்துவிட்டேன். நல்ல மனசு என்று நினைக்காதீர்கள், வெட்கம்.

அன்றைக்கு வாசலில் நின்றவர்களில் ஒருத்தர் மறுநாள், "மூஞ்சிய பாக்காமலே போயிட்டாங்க, ரொம்பத்தான் திமிரு" என்றார். இந்த ஒரு வார்த்தையை விளையாட்டு ரசிகர்கள் வாயில் நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது, இனி நமக்கான நேரம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அப்போதுதான் இன்னொரு ஷிஃப்ட் தொடங்குகிறது. உடம்பைத் தணிக்க வேண்டும், நிருபர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைக்குப் பெயர் வந்துவிட்டால் சிறுநீர் கொடுத்து முடிக்கிற வரை ஓர் அதிகாரி நிழல் மாதிரி கூடவே வருவார், கண்ணை விட்டு மறையக் கூடாது. தாகத்தோடு, வலியோடு, பின்னால் ஓர் ஆளோடு நடந்து போகிறவரைத்தான் நாம் தோளைப் பிடித்து இழுத்து "ஒரே ஒரு படம்" என்கிறோம். என் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வரும்போது யாராவது அப்படி இழுத்தால் நான் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

டிக்கெட் வாங்கினோமே என்று சிலர் கேட்பார்கள். டிக்கெட் ஆட்டத்துக்கு. 2025 மே மாதம் மான்செஸ்டர் யுனைட்டெட் புக்கிட் ஜாலிலுக்கு வந்து ஆசியான் அணியிடம் 1-0 என்று தோற்றபோது அரங்கமே கூச்சல் போட்டது. சரி, அது அரங்கத்துக்குள். காசு கொடுத்தவன் கத்தட்டும். அதே பயணத்தில் ஹோட்டலுக்கு வெளியே ஓர் ஆட்டக்காரர் ரசிகரைப் பார்த்து விரலைக் காட்டிவிட்டார் என்று வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அம்மாவைத் திட்டினார்கள், அதனால்தான் என்றார் அவர். விரலைக் காட்டியதைப் பற்றி நம்மவர்கள் ஒரு வாரம் பேசினார்கள். கதவுக்கு வெளியே நின்று ஒருத்தன் அம்மாவைத் திட்டுவதும் ரசிகன் கணக்கில்தான் வருமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த 2014 டிசம்பரிலேயே கெய்ரோவில் அடுத்த உலகப் போட்டி வந்துவிட்டது. இறுதி ஆட்டத்தில் எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி, சுற்றிலும் எகிப்துக் கூட்டம். நிக்கோல் நாலு மேட்ச் பால் பின்தங்கியிருந்தார், அதாவது எதிராளி இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஜெயித்துவிடுகிற வாய்ப்பு நாலு. நாலில் ஒன்றை விட்டிருந்தாலும் கதை முடிந்தது. நாலையும் காப்பாற்றி, ஆட்டத்தையும் ஜெயித்து, எட்டாவது பட்டத்தை வாங்கினார். அந்த வீடியோவை மகளும் நானும் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கே இல்லை. அவள் ராக்கெட் பிடித்ததே அதற்கப்புறம்தான்.

நேரில் சந்தித்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு. 2019-ல் விலகினார். கோவிட் எல்லாம் முடிந்து, புக்கிட் டும்பாரில் அவர் பெயர் வைத்த சுவர்ப்பந்து மையத்தில் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகளோடு பேச வருகிறார் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். மகளுக்குப் பதினாலு வயசு ஆகியிருந்தது. ஒன்பது வருஷமாக அலமாரியில் கிடந்த அந்தப் பந்தை எடுத்தேன். மார்க்கர் காய்ந்து போயிருந்தது. ஓடிப்போய்ப் புதிதாக வாங்கி வந்தேன்.

என்ன சொல்வது என்று ரெண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கெய்ரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும், 2014 மார்ச்சில் நானும் இருந்தேன் என்று சொல்ல வேண்டும், ஒருவேளை மன்னிப்பும் கேட்க வேண்டும். என் முறை வந்தது. வாயில் வந்தது இதுதான்: "டத்தோ, எங்க வீடு குளுகோர்ல." அவ்வளவுதான். பக்கத்துத் தெருக்காரன் தபால்காரரிடம் சொல்வது மாதிரி. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

மகள் பந்தை நீட்டினாள். சுவர்ப்பந்தில் கையெழுத்துப் போடுவது லேசு இல்லை. டேபிள் டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும், ரப்பர் வேறு. பேனா முனை பட்டதும் உருளும். அவர் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பந்தை இறுக்கி, மார்க்கரை அசைக்காமல் பந்தை மட்டும் மெதுவாகத் திருப்பித் திருப்பி எழுதினார். அந்த நேரத்தில்தான் மகள் குனிந்து ஏதோ கேட்டாள். நாலு மேட்ச் பால் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் அவள் உயரத்துக்குக் குனிந்து, கொஞ்ச நேரம் பதில் சொன்னார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. யாரும் தள்ளவில்லை.

என்ன சொன்னார் என்று காரில் கேட்டேன். "அது எனக்கு சொன்னதுப்பா" என்றாள். இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை.

படம் ஒன்று இருக்கிறது, மனைவி எடுத்தது. அதில் என் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் அது இன்றைக்கும் ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய ஆட்டத்தில் நீங்கள் பார்த்த ஒன்றை, ஒரே ஒன்றை, அவரிடம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள். தோற்ற நாளாக இருந்தால் அதையும் சொல்லாமல் வழிவிடுங்கள். மருமகனிடம் இதைச் சொன்னேன். "ஓகே மாமா" என்றான். அந்த ஓகேவின் மதிப்பு எனக்குத் தெரியும்.

மகளுக்கு இப்போது நாயகி சுவர்ப்பந்து வீராங்கனை சிவசங்கரி. பாலத்துக்கு அந்தப் பக்கம், சுங்கைப்பட்டாணிப் பெண். 2022-ல் கார் விபத்தில் தலையிலும் கழுத்திலும் அடிபட்டு, அடுத்த வருஷமே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையரில் வெள்ளியும் அணியோடு தங்கமும் வாங்கி வந்தவர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் சுவர்ப்பந்து முதல் தடவையாக ஒலிம்பிக்கில் வருகிறது. நிக்கோல் எவ்வளவோ கேட்டும் அவர் காலத்தில் கிடைக்காதது. சிவசங்கரியைப் பார்த்தால் என்ன சொல்வது என்று மகள் இப்போதே யோசித்து வைத்திருக்கிறாள். அதையும் என்னிடம் சொல்லமாட்டாளாம்.

அப்புறம் அந்தப் பந்து. போன மாதம் பயிற்சியில் ஆடிக்கொண்டிருந்தபோது இருந்த பந்து வெடித்துவிட்டது. இவள் பையில் வேறு பந்து இல்லை, அது ஒன்றுதான். எடுத்து ஆடிவிட்டாள். ராத்திரி வந்து மேஜையில் வைத்தாள். ஒரு பக்கம் மட்டும் லேசாக வெள்ளிப் பளபளப்பு, மற்றதெல்லாம் சுவரோடு போய்விட்டது. கத்துவதற்கு வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் ஜெயித்தது என்று கேட்டேன்.

"நான்தான். 3-1."