எங்கள் அம்மாயி

பாட்டிகளின் சமையல் கைப்பக்குவம் பற்றி வந்த ஒரு கட்டுரையைப் படித்ததும் சேலம் அம்மாபேட்டையில் வாழ்ந்த எங்கள் அம்மாயிதான் (அம்மாவின் அம்மா) கண்முன் வந்தார். தாத்தா குழித்தறியில் (தரைக்குழியில் அமைத்த கைத்தறி) நெய்வார், அம்மாயி ராட்டையில் தறிக்கான ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவார். கூலியில்தான் குடும்பம். ஆனாலும் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் பெரிய அண்டாவில் கம்பங்கூழ் காய்ச்சி, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஊற்றுவார். யார், எவர் என்று கேட்டதே இல்லை. மல்கோவா வாங்கினால் கதுப்பெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு, கொட்டை மட்டும் அவருக்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவச் செலவுக்குத் தன் தோடுகளைக் கழற்றி அடகு வைத்தவர் (தாத்தாவுக்கே பிறகுதான் தெரியும்!). கட்டுரையாளர் சமையலோடு நிறுத்திவிட்டார். இப்படி அள்ளிக் கொடுத்தவர்களைப் பற்றியும் அவர் அவசியம் எழுத வேண்டும்.