"வம்சத்துலயே இருக்குதாமே" என்ற ஒரு சொல்

அக்காவுக்கு வந்த முதல் வரன் நிச்சயத்துக்கு முந்தைய வாரம் நின்றுபோனது. தாய்மாமாவுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வம்சத்துலயே இருக்குதாமே" என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள். அதே நோய்க்காகத்தான் என் பாட்டி, பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்ற பழியைச் சாகும்வரை சுமந்தார். ரத்தம் என்றாலும் வளர்ப்பு என்றாலும் எங்கள் வீட்டின் மீது அது குற்றமாகத்தான் வந்து விழுந்தது.

1966-ல் லெனார்ட் ஹெஸ்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு அந்நோய் வந்திருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட, அதேபோல் பிரிந்து வளர்ந்த ஆனால் தாய்க்கு இந்நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. தாயின் வளர்ப்பே இல்லாமலும் வந்திருப்பதால் பாட்டி மீதான பழி நிற்காது. மீதி 42 பேருக்கு வரவில்லை என்பதால் வம்சம் என்ற தீர்ப்பும் நிற்காது. தாய்மாமாவுக்கு இருந்தால் அவருடைய உடன்பிறந்தவளின் மகளுக்கு வரும் வாய்ப்பு 100-ல் 3 அல்லது 4, பொதுவாக எவருக்கும் 100-ல் 1. இவ்வளவுக்குத்தான் அந்த வரன் நின்றது.

இந்நோயில் மரபின் பங்கு சுமார் 80 விழுக்காடு என்று படிப்பவர்கள், ஒருவருடைய நோயில் முக்கால்வாசிக்கு மேல் ரத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை வைத்தே இதைச் சொல்லலாம். விதைச் செடிகளை ஒரே சரிவில், ஒரே உரத்தில் வளர்த்தால் செடிக்குச் செடி தெரியும் வேறுபாடு பெரும்பாலும் விதையினுடையது. ஒரே தாய்ச்செடியிலிருந்து துண்டு வெட்டி வளர்த்த குளோன் செடிகளைச் சரிவிலும் பள்ளத்திலும் நட்டால், மார்கழி உறைபனி விழுந்த மறுநாள் பள்ளத்துச் செடி தீயில் வாட்டியதுபோல் கருகி நிற்கும், சரிவில் உள்ளது பச்சையாகவே இருக்கும். அங்கே வேறுபாடு இடத்தினுடையது. அந்த 80-உம் ஒரு கூட்டத்துக்குள் காணும் வேறுபாட்டின் கணக்குதான். சூழல் மாறினால் அதுவும் மாறும். தனியொருவருடைய நோயை அதை வைத்துப் பங்கு பிரிக்க முடியாது.

ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே மாமாவை நான்கு ஆண்டுகள் மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருந்தோம். இன்றும் எனக்கு ஆறாத வருத்தம் அது. பிறகு அக்காவுக்கு நல்ல இடம் அமைந்தது, அவள் மகனுக்கு இப்போது 15 வயது. மாமாவின் நோயை அவனிடம் மறைக்கவில்லை. பதின்வயதில் கஞ்சா பழகுவது இந்நோயின் வாய்ப்பைக் கூட்டும் என்பதும், நாட்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, ஆளில்லாமல் குரல் கேட்டாலோ அன்றே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.